வைத்தியராகாத மகன்: கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் பதே அலி கான்

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுவினர் எழுதியபோது, நீரிழிவு பற்றியோ உயர் குருதியமுக்கம் பற்றியோ நாம் இரண்டு பக்கம் எழுதித் தருவோம் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். வைத்தியர்களாகிவிட்ட பழைய மாணவிகளிடம் எல்லா மலர்களும் கேட்பது அதைத்தான். இம்முறை ஒரு பாடகரைப் பற்றி எழுத இடம் கேட்டோம். வைத்தியராக வேண்டும் என்று தகப்பனார் ஆசைப்பட்டு, வைத்தியராகாமல் போன ஒருவர் அவர். அவருடைய கடைசி நாட்களில் சிறுநீரகமும் ஈரலும் வந்துவிடுகின்றன என்பதால், எமது தொழிலை முற்றாக விட்டு விலகி எழுதுகிறோம் என்றும் சொல்ல முடியாது.

உஸ்தாத் நுஸ்ரத் பதே அலி கான் 1948 ஒக்டோபர் 13ஆம் திகதி பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் லயல்பூர் என்ற நகரில் பிறந்தார். இன்று அந்நகரின் பெயர் பைசலாபாத். குடும்பத்தின் பூர்வீகம் எல்லைக்கு அப்பால், இந்தியப் பஞ்சாபில் உள்ள ஜலந்தர். 1947இல் நாடு இரண்டானபோது இடம்பெயர்ந்து வந்தவர்கள். இடம்பெயர்வு என்றால் என்ன என்பதை இம்மலரை வாசிப்போரில் பலருக்கு விளக்கத் தேவையில்லை. நான்கு பெண் பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த முதல் ஆண் குழந்தை அவர். முதலில் வைத்த பெயர் பர்வேஸ். வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பெயரை மாற்றச் சொன்னதாகவும், அதன் பிறகே நுஸ்ரத் ஆனதாகவும் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. நுஸ்ரத் என்றாலும் பதே என்றாலும் வெற்றியைக் குறிக்கும் சொற்கள்தாம். அந்தப் பதே என்பது தகப்பனாரின் பெயர்.

தகப்பனார் உஸ்தாத் பதே அலி கான், தம் சகோதரர்களான முபாரக் அலி கான், சலாமத் அலி கான் ஆகியோருடன் சேர்ந்து பாடிய பெரும் கவ்வாலிப் பாடகர். கவிஞர் இக்பாலின் பாடல்களைக் கவ்வாலியில் பாடிப் பரப்பிய பெருமை அவருக்கு உண்டு. சுமார் 600 ஆண்டுகளாகத் தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று இறங்கிவந்த கலை அது என்று அக்குடும்பத்தினர் சொல்வார்கள்.

கவ்வாலியைக் கேட்டிராதவர்களுக்காகச் சில வார்த்தைகள். கவுல் என்ற அரபுச் சொல்லுக்குச் சொல், வாக்கு என்று பொருள். ஞானியரின் வாக்கைப் பாடிச் சொல்பவர் கவ்வால். சூபிப் பெரியார்களின் அடக்கத்தலங்களில் பிறந்து வளர்ந்த பாட்டு இது. தரையில் விரித்த விரிப்பில் ஏழெட்டுப் பேர் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆர்மோனியம் இரண்டு, தபேலா ஒன்று, மற்றவர்களுக்குக் கைதட்டுத்தான் வாத்தியம். முன் வரிசையில் இருக்கும் தலைமைப் பாடகர் ஓர் அடியை எடுக்க, மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். மெல்லத் தொடங்கி, அடி மேல் அடியாக வேகமெடுத்து, அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் ஆரம்பித்த இடம் எங்கோ கீழே கிடக்கும். எமது கோயில் மடங்களில் நாமசங்கீர்த்தனம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்றம் புதிதாக இராது.

இத்தனை பெரிய பாடகர் தம் மூத்த மகன் பாடக் கூடாது, வைத்தியராகவோ பொறியியலாளராகவோ ஆக வேண்டும் என்று ஏன் நினைத்தார்? மேடையில் கிடைத்த மரியாதை வீதியில் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். பஞ்சாபில் பரம்பரையாகப் பாட்டையும் வாத்தியத்தையும் தொழிலாகக் கொண்டவர்களை மிராசி என்பார்கள். மிராஸ் என்றால் பரம்பரைச் சொத்து. எமது மிராசுதார் என்ற சொல்லில் இருப்பதும் அதே மிராசுதான். ஆனால் நிலத்தைப் பரம்பரையாக வைத்திருந்தவருக்கு அது பட்டமாயிற்று, பாட்டைப் பரம்பரையாக வைத்திருந்தவருக்கு வசையாயிற்று. கலியாண வீட்டில் பாடுகிறவருக்குப் பணம் கொடுப்பார்கள், கைகூப்பிக் கேட்பார்கள், பிறகு தம் பிள்ளைக்கு அவர் வீட்டில் சம்பந்தம் செய்யமாட்டார்கள். இதைத் தம் உடம்பில் அனுபவித்த ஒருவர் மகனின் தோளில் குழற்கருவி தொங்கட்டும் என்று ஆசைப்பட்டதை நாம் குறைசொல்லமாட்டோம். எமது பக்கத்திலும் நாதஸ்வர, தவில் வித்துவான்களின் வாசிப்புக்கு விடியவிடியக் காத்திருந்த ஊர்கள், அவர்களை எந்த வாசலால் உள்ளே அழைத்தன என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். அந்தக் குடும்பங்களிலும் பிள்ளையின் கையில் தவிற்கழியைக் கொடுப்பதா புத்தகத்தைக் கொடுப்பதா என்று யோசித்த தகப்பன்மார் இருந்தார்கள்.

வீட்டிலோ காலையிலிருந்து இரவு வரை பாட்டு. தகப்பனாரிடம் கற்க வருகிறவர்களுக்கு நடக்கும் பாடத்தைச் சிறுவன் ஒதுங்கி நின்று கேட்பான், அவர் வெளியே போனதும் ஆர்மோனியத்தை எடுத்து அதையே வாசித்துப் பார்ப்பான். ஒருநாள் அவர் சத்தமில்லாமல் திரும்பிவந்து பின்னால் நின்று கேட்டுவிட்டாராம். ஏச்சு விழும் என்று பயந்த பிள்ளைக்குக் கிடைத்தது நிபந்தனையுடன் கூடிய அனுமதி: படிப்புக் கெடக் கூடாது. பிறகு தபேலாவில் தொடங்கி முறைப்படி கற்பித்தார். பிற்காலத்தில் நுஸ்ரத்தின் குரல் தாளத்தோடு ஆடிய விளையாட்டைக் கேட்கும்போதெல்லாம், இந்தப் பிள்ளை பாட்டுக்குள் நுழைந்தது தாளத்தின் வாசலால் என்பது எமக்கு நினைவுக்கு வரும்.

1964இல் தகப்பனார் இறந்துபோனார். நுஸ்ரத்துக்கு அப்போது 15 வயது. பாடமும் அரைகுறை, படிப்பும் அரைகுறை. சில நாட்களில் அவருக்கு ஒரு கனவு வந்தது. தகப்பனார் வந்து, பாடு என்கிறார். தம்மால் முடியாது என்கிறான் மகன். அவர் மகனின் தொண்டையைத் தொடுகிறார். பாடத் தொடங்கிய பிள்ளை, பாடிக்கொண்டே விழித்துக்கொள்கிறான். நாற்பதாம் நாள் நினைவுச் சடங்கில், உறவினரும் பெரிய வித்துவான்களும் கூடியிருந்த இடத்தில், அவர் முதன்முறையாகச் சபையில் பாடினார். இந்தக் கனவை அவர் வாழ்நாள் முழுவதும் பல இடங்களில், பெரிய மாற்றமில்லாமல் சொல்லிவந்திருக்கிறார்.

வைத்தியர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். நெருங்கிய ஒருவரை இழந்தவர்கள் அவரைக் கனவில் காண்பதும், குரலைக் கேட்பதும், தொடுகையை உணர்வதும் எமது சிகிச்சை அறைகளில் நாளாந்தம் கேட்கும் விடயங்கள். யுத்தமும் கடற்கோளும் கண்ட இந்த மண்ணில் அவை இன்னும் அதிகம். அது நோயில்லை, துயரின் இயல்பான வழி என்று நாம் சொல்லி அனுப்புகிறோம். நுஸ்ரத்தின் கனவையும் அப்படி விளக்கிவிடலாம்: தடுத்துவைத்த தகப்பனே வந்து அனுமதி தரவேண்டிய தேவை அந்தப் பிள்ளைக்கு இருந்தது என்று. ஆனால் அவர் அதை அப்படிப் பார்க்கவில்லை. கொடுக்கப்பட்ட ஒன்று என்றே பார்த்தார். தம் குரலைத் தம் சொத்தாக அவர் எங்கும் பேசியதில்லை. அந்த அடக்கம் வெறும் சபை நாகரிகம் என்று எமக்குத் தோன்றவில்லை. தகப்பனார் தொட்ட தொண்டை என்று ஒருவர் நம்பினால், அதை வைத்துப் பெருமையடிப்பது கடினம்.

அதன்பின் சிறிய தகப்பன்மார்களான முபாரக் அலி கானும் சலாமத் அலி கானும் அவரைத் தயார்செய்தார்கள். 1971இல் முபாரக் அலி கான் காலமாக, குடும்பக் குழுவின் தலைமை 22, 23 வயது நுஸ்ரத்தின் தலையில் வந்தது. வானொலி நடத்திய வசந்த விழாவொன்றில் தலைமைப் பாடகராக முதலில் பாடினார். இன்னொரு கனவும் அவருக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: தாம் ஏதோ ஓர் அடக்கத்தலத்தின் உள்ளே உட்கார்ந்து பாடுவதாக. விவரத்தைச் சொன்னபோது, அது இந்தியாவின் அஜ்மீரில் உள்ள காஜா மொயினுத்தீன் சிஷ்தியின் தர்காவாக இருக்க வேண்டும் என்றார்கள் வீட்டார். சில ஆண்டுகளின் பின் இந்தியா சென்றபோது, அதே இடத்தில் பாடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

இனி, காதலுக்கு வருவோம். அவருடைய வாழ்க்கையைப் படிக்கப் புகுந்தபோது எம்மை அதிகம் யோசிக்கவைத்தது இந்தப் பகுதிதான்.

முறைப்படி நடக்கும் கவ்வாலிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் இறைவனைப் புகழ்வது ஹம்து. அடுத்து நபிகளாரைப் புகழ்வது நாத். பிறகு அலியாரையோ ஞானியரையோ பாடும் மன்கபத். இவ்வளவும் முடிந்தபின் கஸல். அந்தக் கஸலில் காதலியின் கண், கூந்தல், பிரிவு, மதுக்கிண்ணம் எல்லாம் வந்துவிடும். வெளியிலிருந்து கேட்பவருக்கு, கோயிலில் தொடங்கிய பாட்டு மதுக்கடையில் முடிந்ததுபோல இருக்கும். சூபிகளுக்கு அப்படியல்ல. காதலில் இரண்டு உண்டு என்பார்கள். மனிதர் மேல் வைக்கும் காதல் இஷ்கே மஜாஸி, இறைவன் மேல் வைக்கும் காதல் இஷ்கே ஹகீகி. முன்னது பின்னதன் நிழல், அல்லது படி. மனிதர் ஒருவருக்காகவும் ஏங்கத் தெரியாதவர் இறைவனுக்காக எப்படி ஏங்குவார் என்பது அவர்களின் கணக்கு. மது என்பது தன்னை மறத்தல், மது வார்ப்பவர் குரு.

பஞ்சாபியில் இன்னொரு அழகும் உண்டு. புல்லே ஷா, ஷா ஹுசைன் போன்ற சூபிக் கவிகள் ஆண்களாக இருந்தும் பெண் குரலில் பாடினார்கள். ஹீர் என்ற பெண் ராஞ்சா என்ற இடையனைத் தேடி அலைவது பஞ்சாபின் பெருங்காதல் கதை. உயிர்தான் ஹீர், இறைவன்தான் ராஞ்சா. நாயன்மாரையும் ஆழ்வாரையும் படித்த எமக்கு இது சொந்த வீட்டுச் சரக்கு. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரை அகத்துறை நூலாகவும் படிக்கலாம், பேரின்ப நூலாகவும் படிக்கலாம் என்று பள்ளியில் எமக்குச் சொல்லித்தந்தார்கள். இறையை மனோன்மணி என்ற பெண்ணாக வைத்துப் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு, சூபியும் தமிழரும் ஆனவர். ஆகவே, 135 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பெரிய மனிதர் கையை விரித்து, பிரிவில் வாடும் பெண்ணாக நின்று பாடுவதைப் பார்த்துச் சிரிக்காமல் அழுதுவிடக்கூடிய பயிற்சி எமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

இறைவனைப் பாடும்போது மனம் இறைவனிடம் இருக்கும் என்றும், நபிகளாரைப் பாடும்போது அவர் முன்னிலையில் உட்கார்ந்திருப்பதாக உணர்வதாகவும் நுஸ்ரத் சொல்லியிருக்கிறார். படைத்தவனுக்கும் படைக்கப்பட்டவருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதே கவ்வாலின் வேலை என்பது அவர் எண்ணம். மேடையில் தாம் இருப்பதையே மறக்க வேண்டும் என்று நினைத்த அவர், அதே மூச்சில் திரைப்படத்துக்கும் பாடினார், கலியாணத்திலும் பாடினார், 1996இல் ஜாவேத் அக்தரின் வரிகளுக்கு ஒரு பெண்ணின் அழகைப் புகழும் ஆஃப்ரீன் பாடலையும் பாடினார். தூய்மைவாதிகள் முகம் சுளித்தார்கள். அவருக்கு அதில் தடுமாற்றம் இருந்ததாகத் தெரியவில்லை. மனிதக் காதலில் ஏறி இறைக் காதலுக்குப் போகலாம் என்று நம்புகிறவர், படிக்கட்டின் கீழ்ப்படியில் நின்று பாட வெட்கப்படத் தேவையில்லை அல்லவா?

ஆனால் படிக்கட்டுக்குத் திசை உண்டு. 1990களில் அவருடைய மெட்டுகளை மும்பைத் திரையுலகம் தாராளமாக எடுத்துக்கொண்டது. மஸ்த் கலந்தர் என்ற ஞானப் பாடல் ஒரு நடிகையை வருணிக்கும் பாடலாகிச் சந்து பொந்தெல்லாம் ஒலித்தது. அவர் பெரிதாகக் கோபப்படவில்லை. யார் நன்றாகப் பிரதியெடுத்தார்கள் என்று சிரித்துக்கொண்டே மதிப்பெண் போட்டதும் உண்டு. ஆனால் இறைவனின் பெயரையே அடியாகக் கொண்ட அல்லாஹூ பாடலின் மெட்டில், ஐ லவ் யூ என்று ஒரு திரைப்படத்தில் பாடியபோது அவர் புண்பட்டார், அதை வெளிப்படையாகச் சொன்னார். பக்திப் பாடல்களையாவது விட்டுவைத்திருக்கலாம் என்பது அவர் மனக்குறை. காதலைப் பாடியதற்காக அவர் வருந்தியதாக நாம் கருதவில்லை. அவரே காதலைத்தான் பாடிக்கொண்டிருந்தார். கீழிருந்து மேலே போவதற்காக வைத்த ஏணியை மேலிருந்து கீழே இறங்கப் பயன்படுத்தியதுதான் அவரை உறுத்தியது.

கவ்வாலிச் சபைகளில் ஹால் என்ற ஒரு நிலை உண்டு. பாட்டில் ஓர் அடி எவரையாவது தைத்துவிட்டால் அவர் எழுந்து ஆடத் தொடங்குவார், அல்லது அழுது அரற்றுவார். அந்த நேரத்தில் பாடகர் அடுத்த அடிக்குப் போகக் கூடாது. அவர் நிலைக்குத் திரும்பும் வரை அதே அடியைப் பாடிக்கொண்டிருக்க வேண்டும். 1235இல் தில்லியில் குத்புத்தீன் பக்தியார் காக்கி என்ற ஞானி, பாரசீக ஈரடி ஒன்றைக் கேட்டு இந்த நிலைக்குப் போய், நாட்கணக்கில் அதிலேயே இருந்து உயிர்விட்டதாக வரலாறு கூறும். பாடகர் ஒருவருக்கு இவ்வளவு பொறுப்பா என்று எமக்கு முதலில் வியப்பாக இருந்தது. மயக்க மருந்து கொடுக்கும் எமது சகாக்களுக்கு இது விளங்கும்: அனுப்புவது பாதி வேலை, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது மீதி. நுஸ்ரத்தின் பழைய ஒளிப்பதிவுகளில் பார்த்தால், பாடிக்கொண்டே அவர் கண் சபையில் யாரோ ஒருவரிடம் நிலைத்திருப்பதைக் காணலாம்.

உலகம் அவரை அறிந்த கதை பலருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறோம். 1977இலிருந்து அவருடைய ஒலிநாடாக்களை வெளியிட்டுவந்தது பேர்மிங்ஹாமில் இருந்த ஒரு தெற்காசிய நிறுவனம். கேட்டவர்கள் புலம்பெயர்ந்த பஞ்சாபியர். முஸ்லிம்களோடு சீக்கியரும் இந்துக்களும். 1985இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையோரத்தில் மெர்சி தீவில் நடந்த வோமட் விழாவில், மொழி தெரியாத வெள்ளையர் கூட்டம் நள்ளிரவில் அவரைக் கேட்டது. அதிலிருந்து பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் நிறுவனம், 1989இல் நியூயோர்க்கின் புரூக்ளின் அரங்கு, 1992இல் சியாட்டிலில் உள்ள வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வருகைதரு கலைஞர் பதவி, 1995இல் யுனெஸ்கோ இசைப் பரிசு.

1990இல் மஸ்த் மஸ்த் ஒலித்தொகுப்பில் கனடிய இசைஞர் மைக்கேல் புரூக், அவர் பாடியதை வெட்டி ஒட்டித் தம் இசையில் சேர்த்தார். மொழி அறியாததால் சில இடங்களில் சொற்றொடரைப் பாதியில் வெட்டிவிட்டார். இசையாக அது அழகாகவே இருந்தது. நுஸ்ரத் ஏற்கவில்லை, பொருள் சிதைகிறது என்று திருத்தவைத்தார். கித்தாரையும் மின்னிசையையும் எதிர்க்காதவர், ஒரு வாக்கைப் பாதியில் அறுக்க விடவில்லை. கவுல் என்றால் வாக்கு என்று மேலே சொன்னோமே.

எமது தலைமுறைக்கு அவர் வந்துசேர்ந்தது ரஹ்மான் வழியாக. மின்சாரமே இல்லாத ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டவர்கள் நாம். ஏ. ஆர். ரஹ்மானின் வந்தே மாதரம் ஒலித்தொகுப்பு 1997 ஆகஸ்டில் வெளிவந்தது. அதில் ரஹ்மானோடு சேர்ந்து பாடியிருக்கும் அந்த முரட்டுக் குரல் யாருடையது என்று கேட்டுத்தான் பெயரை அறிந்தோம். அறிந்த நேரத்தில் அவர் உயிரோடு இல்லை. ரஹ்மானும் தகப்பன் வழி வந்தவர்தாம். இசையமைப்பாளராக இருந்த சேகர், மகனின் ஒன்பதாவது வயதில் இறந்துபோனார். 2007இல் வந்த குரு திரைப்படத்தின் தேரே பினா பாடலை நுஸ்ரத்துக்கு அஞ்சலியாகச் செய்ததாக ரஹ்மான் கூறியிருக்கிறார்.

அந்த 1990களில் எமது வகுப்பில் வீணையும் வாய்ப்பாட்டும் பயின்றவர்கள் பலர். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குத் தரம் தரமாகத் தோற்றிக்கொண்டு வந்தவர்கள், உயர்தரத்தில் உயிரியல் பிரிவு என்றதும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். வீணை உறைக்குள் போனது. அதற்கு எவரும் அழுததாக ஞாபகமில்லை. வீட்டில் ஒருவருக்காவது நிலையான வேலை வேண்டும் என்பது அன்றைய நிலைமையில் பேராசையில்லை, பாதுகாப்பு. இதனால்தான் பதே அலி கானின் விருப்பத்தை நாம் அத்தனை பரிவோடு பார்க்கிறோம். பிள்ளையின் திறமையை அவர் அறியாமல் இருந்திருக்க மாட்டார். அவருடைய காது அப்படிப்பட்டது. அறிந்துகொண்டே வேறு வழி காட்டினார். அன்பு சில வேளை அந்த வடிவத்தில்தான் வருகிறது. இன்று தம் பிள்ளைகளின் உயர்தரப் பிரிவை முடிவுசெய்யும் வயதில் நிற்கும் எமது வகுப்புத் தோழியருக்கு இதற்கு மேல் நாம் சொல்வதற்கில்லை.

நுஸ்ரத் 1979இல் தம் சிறிய தகப்பனார் சலாமத் அலி கானின் மகளை மணந்தார். பிறந்தது ஒரே ஒரு பெண் பிள்ளை. கவ்வாலி ஆண்வழிக் கலையாதலால், வாரிசாக அவர் வளர்த்தது தம்பி பரூக்கின் மகன் ராஹத்தை. பதே அலி கானின் நினைவுநாளை ஆண்டுதோறும் பைசலாபாத்தில் பாட்டோடு நடத்துவது அக்குடும்ப வழக்கம். அப்படியொரு நினைவுநாளில்தான் சிறுவன் ராஹத்தும் முதலில் சபையேறினார். 1985இன் இங்கிலாந்துப் பயணத்திலேயே பெரிய தகப்பனாரின் பின்னால் உட்கார்ந்து பாடியவர், இன்று அக்குழுவின் தலைவர். பெண்கள் பாடசாலை மலரொன்றில் எழுதும்போது இதை அப்படியே விட்டுச்செல்ல மனமில்லை. அதே பாகிஸ்தானில், சிந்து மாகாணத்து லார்க்கானாவில் உஸ்தாத் குலாம் ஹைதர் என்ற பாடகர், ஆண் மக்கள் இருக்கவும் மகளைத் தம் இசை வாரிசாகத் தெரிவுசெய்தார். அவர்தான் ஆபிதா பர்வீன். சூபி இசையில் நுஸ்ரத்தோடு சேர்த்துச் சொல்லக்கூடிய பெயர் எமது காலத்தில் வேறொன்று உண்டா என்பது சந்தேகம்.

இறுதியாக அவர் உடல். சிறுநீரகங்கள் செயலிழந்து குருதிச் சுத்திகரிப்பில் இருந்த நிலையிலும் அவர் பயணங்களைக் குறைக்கவில்லை. 1997 ஆகஸ்டில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்காக லொஸ் ஏஞ்சலீஸ் நோக்கிப் புறப்பட்டவர், வழியில் நிலைமை மோசமாகி லண்டனில் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். ஈரலும் கைவிட்டிருந்தது. ஆகஸ்ட் 16ஆம் திகதி மாரடைப்பில் உயிர் பிரிந்தது. வயது 48. இதை எழுதும் எமக்கு இன்னும் சில ஆண்டுகளில் வரும் வயது.

இறைவனுக்காகத் தன்னை எரித்துக்கொண்ட கலைஞன் என்று இதை அலங்கரித்து எழுதுவோர் உண்டு. நாம் அதற்கு உடன்படவில்லை. சூபி மரபில் தன்னை அழித்தல் என்பது அகந்தையை அழிப்பது, சிறுநீரகத்தை அழிப்பதில்லை. அவருடைய சகாக்களும் இரசிகர்களும் நிறுவனங்களும் இன்னும் ஒரு கச்சேரி, இன்னும் ஒரு பதிவு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், இல்லை என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. கவ்வாலிப் பாடகர் எவருக்கும் இல்லாத அளவாக 125 ஒலித்தொகுப்புகள் என்று கின்னஸ் நூல் பதிந்துவைத்தது. அந்த எண்ணைப் பார்க்கும்போது, பெருமையோடு வேறொன்றும் சேர்ந்தே எமக்குத் தோன்றுகிறது: நிறுத்தச் சொல்ல அருகில் ஒரு தகப்பன் இருந்திருக்கலாம் என்று.

உடல் பைசலாபாத்துக்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.

1990இல் இங்கிலாந்தில் பதிந்து, எங்கோ வைத்து மறந்துபோன நாடாக்களை ரியல் வேர்ல்ட் நிறுவனத்தார் தம் களஞ்சியத்தில் கண்டெடுத்து, 2024 செப்டெம்பரில் வெளியிட்டார்கள். அதில் நான்கு கவ்வாலிகள். யா கவுஸ் யா மீரான் என்ற ஒன்று அதுவரை எங்கும் வெளிவராதது. பக்தாதின் ஞானி அப்துல் காதிர் ஜீலானியை அழைக்கும் பாட்டு அது. பலாங்கொடைக்கு அப்பால் கூரகல மலையில் ஜெய்லானி என்று எமது முஸ்லிம் சகோதரர்கள் போய் வரும் தலம், அதே ஞானி வந்து தங்கியதாக நம்பப்படும் இடம். பிறந்த ஊரிலிருந்து பெருந்தொலைவில் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில், 41 வயதில், நோய் முற்றுவதற்கு முன்பிருந்த முழுக்குரலில் நுஸ்ரத் அதைப் பாடுகிறார். இடது பக்கத்தில் தம்பியின் ஆர்மோனியம், பின்னால் கைதட்டு. பிள்ளைகளை நித்திரையாக்கிவிட்டு, வெளிச்சத்தை அணைத்துவிட்டு, ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.